மருந்தில்லாத பீரங்கி: பொங்கல் விழாவில் ஆறு ராத்தல் பீரங்கிப் பயிற்சியை நடத்திக் காட்டுவது எப்படி

வேலூர், ஆற்காடு, ஆம்பூர், ஆரணி, சோளிங்கர் ஆகிய ஐந்து ஊர்களின் பெயரும் பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்க் கணக்கில் உண்டு. ஆம்பூரில் 1749, ஆற்காட்டில் 1751, சோளிங்கரில் 1781. அந்தப் போர்க்களங்களில் பீரங்கியைச் சுற்றி நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதை இன்றைக்கு நான்கைந்து பேர் சேர்ந்து ஊர்த் திடலில் செய்து காட்ட முடியும். மார்கழி, தை மாதங்கள்தான் அதற்கு ஏற்றவை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் தலையைப் பிளக்காது, பொங்கலுக்கு ஊரே திடலில் கூடும்.

முதலில் ஒரு முடிவு: வெடிமருந்து வேண்டாம். ஒரு சிட்டிகைகூட வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பீரங்கி வகைகளைத் தடைசெய்யப்பட்ட ஆயுதங்களில் சேர்த்திருக்கிறது. கருமருந்து செய்யவும் வைத்திருக்கவும் 1884 வெடிபொருள் சட்டத்தின் கீழும் 2008 வெடிபொருள் விதிகளின் கீழும் உரிமம் வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தக் காட்சியில் வெடிச்சத்தம் ஒரு நொடியில் முடிந்துவிடும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது அதற்கு முந்தைய அரை நிமிடத்தைத்தான்: துடைப்பது, இடுவது, கெட்டிப்பது. ஒருவர் கை தவறினால் இன்னொருவர் கை போய்விடும் என்ற ஒழுங்கு அது. அதைச் சரியாகச் செய்து காட்டினால் கடைசிச் சத்தத்தை மேளக்காரர் பார்த்துக்கொள்வார்.

குழல்

அக்காலக் களப் பீரங்கிகளில் ஆறு ராத்தல் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஆறு ராத்தல் என்பது குண்டின் எடை, அதாவது 2.7 கிலோ. குண்டின் விட்டம் சுமார் 89 மி.மீ., குழலின் உள்விட்டம் சுமார் 93 மி.மீ. இடையில் உள்ள 4 மி.மீ. இடைவெளி இல்லாவிட்டால் கசடு படிந்த குழலில் குண்டு பாதியில் சிக்கிக்கொள்ளும். இலகுவகை வெண்கலக் குழல் 5 அடி நீளம், ஏறக்குறைய 300 கிலோ. நமது மாதிரி 15 கிலோவுக்கு மேல் போகக் கூடாது.

நடுவில் 110 மி.மீ. பி.வி.சி. குழாய் 150 செ.மீ. நீளத்துக்கு. அதன்மேல் 18 மி.மீ. ஒட்டுப்பலகையில் வெட்டிய ஏழு வட்டத் தட்டுகளைக் கோக்க வேண்டும். பின்புறத்திலிருந்து விட்டங்கள்: 27, 26, 24, 22, 20, 18 செ.மீ.; வாய்ப்புற உதட்டுக்கு 21. பின்தட்டிலிருந்து 18 செ.மீ. தட்டு வரைக்கும் ஓர் அங்குல அகல ரீப்பர்களைச் சுற்றிலும் அடியுங்கள். 22 ரீப்பர் பிடிக்கும். கழுத்தில் அவை ஒன்றையொன்று தொடும், பின்புறத்தில் விரலளவு இடைவெளி விழும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். மேலே சாக்குத் துணியைப் பசை தோய்த்து இரண்டு சுற்றுச் சுற்றி, காய்ந்ததும் பட்டி பூசித் தேய்த்தால் மறைந்துவிடும். உதட்டு வீக்கத்தைக் காகிதக் கூழில் பிடிப்பது எளிது. மார்கழிப் பனியில் பசை காய ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முழு நாள் விடுங்கள். அவசரப்பட்டு மறுநாள் காலையே பட்டி பூசினால் பொங்கலன்று வெயில் ஏற ஏற உரிந்து தொங்கும்.

குழலைத் தாங்கும் இரண்டு பக்கக் கொம்புகளில்தான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள். ஒரே கம்பியைக் குழலின் நடுவே குறுக்காகச் செருகிவிடுவார்கள். பிறகு கெட்டிக்கோல், அதாவது மருந்துப் பொதியை உள்ளே தள்ளும் கோல், போய் அந்தக் கம்பியில் முட்டி நிற்கும். அக்கால ஆங்கிலக் குழல்களில் கொம்புகள் மையத்தில் இல்லாமல் சற்றுத் தாழ்ந்தே இருந்தன. நமக்கு அது வசதி. பி.வி.சி. குழாயின் அடியை உரசியபடி ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாயைக் குறுக்கே விட்டு, வெளியே நீட்டியிருக்கும் பகுதிக்கு 90 மி.மீ. குழாய்த் துண்டை உறைபோல மாட்டினால் தோற்றமும் சரியாக இருக்கும், உள்வழியும் தடைபடாது.

அந்தக் கொம்பு எங்கே வர வேண்டும்? மொத்த நீளத்தை ஏழாகப் பிரித்துப் பின்புறத்திலிருந்து மூன்று பங்கு, அதாவது 64 செ.மீ. உண்மைப் பீரங்கியில் பின்புறம் தடித்த உலோகம் என்பதால் அது தானாகப் பின்னால் அமர்ந்திருக்கும். நமது குழல் உள்ளீடற்றது, ஆகவே வாய்ப்புறம் கவிழ்ந்து மண்ணைப் பார்க்கும். மூன்று கிலோ உலர்ந்த மணலைச் சிறு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, பின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே, துணி சுற்றுவதற்கு முன்பே திணித்துவிடுங்கள். கெட்டிக்கோலைச் செருகிப் பாருங்கள். அப்போதும் பின்புறம், அதைத் தாங்கும் ஆப்பின் மேல் உட்கார்ந்திருந்தால் போதும்.

பின்முனையை மூடியால் அடைத்து ஒட்டுங்கள். மூடியின் அடியில் 5 மி.மீ. துளை ஒன்று, அவ்வளவுதான். ஈரத் துடைப்பிலிருந்து வடியும் நீர் அங்கே தேங்காமல் போக வேண்டும். தீத்துளைக்கு (உள்ளிருக்கும் மருந்துக்குத் தீ வைக்கும் சிறு துளை) மட்டும் துளையே போடாதீர்கள், கறுப்பு வண்ணத்தில் ஒரு பொட்டு வைத்தால் போதும். துளை இருந்தால் கூட்டத்தில் எவனாவது ஒரு பையன் சரவெடியிலிருந்து ஒன்றைப் பிய்த்து அதில் செருகியே தீருவான்.

வண்டி

சக்கரத்துக்கு ஆசாரியிடம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பீரங்கிச் சக்கரம் 5 அடி விட்டம், 12 ஆரக்கால், 6 வட்டைத் துண்டு. நம் பழைய மாட்டுவண்டிச் சக்கரமும் ஏறத்தாழ அதே கணக்கு. டயர் வண்டி வந்தபின் வீட்டுக்குப் பின்னால் சாய்த்துவைத்த சோடிகள் கிராமங்களில் இன்னும் கிடக்கின்றன. வாங்குமுன் சக்கரத்தின் நடுக் குடத்தைத் தட்டிப் பாருங்கள். டொக்கென்றால் உளுத்துப்போயிருக்கிறது. ஆரக்காலைப் பிடித்து ஆட்டுங்கள். லேசாக ஆடினால் இரண்டு நாள் தொட்டியில் ஊறவைத்தால் மரம் உப்பி இறுகிவிடும், ஆனால் விழாவுக்கு முன்பே வெயிலில் காயவிட்டால் மறுபடி ஆடும். இரும்புப் பட்டா கழன்றிருந்தால் அந்தச் சோடியை விட்டுவிடுங்கள். அச்சும் கடையாணியும் சேர்த்தே வாங்குவது நல்லது. கடையாணி மட்டும் புதிதாக இருக்கட்டும்.

அச்சின்மேல் இரண்டு கன்னப் பலகைகள். ஒன்றரை அங்குலத் தடிப்பில் மாம்பலகை போதும், நீளம் 8 அடி. முன்புறம் நிமிர்ந்து, பின்னால் சரிந்து தரையைத் தொட வேண்டும். தரை தொடும் வால்நுனியில் இரும்புத் தகடும் ஒரு வளையமும். கொம்புகள் உட்காரும் அரைவட்டப் பள்ளத்தை வெட்டி, மேலே இரும்புப் பட்டையால் மூடிப் போல்ட் போடுங்கள். வெறும் பள்ளத்தில் வைத்துவிட்டு விட்டால், கெட்டிக்கும்போது குழல் எகிறிப் பின்னால் நிற்பவர் முட்டியில் விழும். பின்புறத்தைத் தாங்க ஓர் ஆப்பு. அதை முன்னும் பின்னும் தள்ளித்தான் அன்றைக்குக் குறியை உயர்த்தித் தாழ்த்தினார்கள்.

நிறம்: குழலுக்கு வெண்கல வண்ணம், கன்னப் பலகைக்குச் சாம்பல், இரும்புக்குக் கறுப்பு. பளபளக்கும் தங்க நிறம் அடித்தால் கல்யாண மண்டப வாசலில் வைத்த பொம்மை மாதிரி ஆகிவிடும்.

கருவிகள்

இந்த வட்டாரத்தில் ஆட்டுத்தோலுக்குப் பஞ்சமில்லை. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, வாணியம்பாடித் தோல் கிடங்குகளில் மயிரோடு பதப்படுத்திய துண்டு கேளுங்கள். 15 செ.மீ. நீளமும் 7 செ.மீ. விட்டமும் உள்ள மர உருளைமேல் அதை மயிர்ப்புறம் வெளியே தெரியும்படி ஆணியடித்துச் சுற்றினால் துடைப்பு. தோலோடு சேர்த்து 10 செ.மீ.க்கு மிகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நனைந்தால் பருக்கும், குழாயில் இறுகினால் இருவர் சேர்ந்து இழுக்க வேண்டிவரும். கோலின் மறுமுனையில் 9 செ.மீ. விட்டமுள்ள வெறும் மரத்தலை. அதுதான் கெட்டிக்கும் முனை. கோல் மொத்தம் 195 செ.மீ.

இரண்டாவது கோலில் இரட்டைச் சுருள் கம்பி, தக்கை திருகியைப் பெரிதாக்கியதுபோல. குழலில் எரியாமல் தங்கிய துணியைத் தேடி எடுப்பது இதன் வேலை. நமக்கு இன்னொரு பயனும் உண்டு: போட்ட பொய்ப் பொதியை வெளியே எடுக்க இதுதான் வழி. பொதியின் வாய்நுனியில் துணி வளையம் தைத்துவிட்டால் கம்பி அதில் மாட்டி வந்துவிடும்.

பொதி என்பது ஃபிளானல் துணியில் தைத்த, மரத்தூள் நிரப்பிய 20 செ.மீ. பை. அதன் தலையில் காகிதக் கூழ் உருண்டையைக் கட்டிவையுங்கள். அன்றைக்கும் கம்பளித் துணிதான். பருத்தியும் காகிதமும் எரிந்தபின் கங்காகத் தங்கும், கம்பளி அவ்வளவாகத் தங்காது. உண்மைக் குண்டின் எடையைப் பிள்ளைகள் உணர வேண்டுமென்றால் பள்ளி விளையாட்டு அறையிலிருந்து 3 கிலோ குண்டெறிதல் குண்டை வாங்கி மேசைமேல் வையுங்கள். எடையும் பருமனும் கிட்டத்தட்ட அதே. அதை எக்காரணம் கொண்டும் குழலுக்குள் விடாதீர்கள், பின்மூடி ஒரே அடியில் போய்விடும்.

இன்னும் வேண்டியவை: கட்டைவிரல் உறை (தடித்த தோலில், இரண்டு நாடாவோடு), நுனி மழுங்கிய குத்தூசி, தோல்பை ஒன்று, மரவாளி, இரண்டு சக்கரத் தடைக்கட்டை, திரிக்கோல். திரிக்கோல் ஒரு கஜ நீளத் தடி. நுனியில் சணல் கயிற்றைச் சுற்றி, உள்ளே சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒன்றை ஒளித்துவைத்தால் அந்தி வெளிச்சத்தில் கங்கு போலவே தெரியும். பற்றவைக்க வேண்டாம்.

ஆட்களும் கட்டளைகளும்

பீரங்கியைச் சுற்றி ஐவர். பின்னாலிருந்து பார்த்தால், வாய்க்கு வலப்புறம் துடைப்பவர், இடப்புறம் இடுபவர். பின்முனைக்கு வலப்புறம் துளை காப்பவர், இடப்புறம் திரிக்காரர். வால்நுனிக்குப் பின்னால் தலைவர். அவர் மட்டுமே பேசுவார். இவர்களைத் தவிர ஒரு விளக்குரையாளர், ஒரு மேளக்காரர், கயிற்றருகே இருவர். கம்பெனிப் படையில் பீரங்கி வேலை செய்த இந்தியர்களைக் கோலந்தாஸ் என்றார்கள், இழுக்கவும் தள்ளவும் இருந்தவர்களை லஸ்கர் என்றார்கள். விளக்குரையில் அந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். பீரங்கி என்றாலே வெள்ளைக்காரன் மட்டும் நின்றதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டளைகள் ஒவ்வொன்றும் ஒரே சொல்லாக இருக்கட்டும்.

"தேடு!" துளை காப்பவர் தோலுறை மாட்டிய கட்டைவிரலால் தீத்துளைப் பொட்டை அழுத்தி மூடுகிறார். துடைப்பவர் சுருள் கம்பியை விட்டு இரண்டு திருகு திருகி இழுக்கிறார்.

"துடை!" வாளியில் முக்கி உதறிய துடைப்பு அடிவரை போகிறது. மூன்று சுழற்று, பிறகு வெளியே. கட்டைவிரல் அசையக் கூடாது. இதைத்தான் விளக்குரையில் நிறுத்திச் சொல்ல வேண்டும்: தீத்துளை திறந்திருந்தால், கோல் உள்ளே போகும்போதும் வரும்போதும் துளை வழியே காற்று ஓடி, உள்ளே அணையாத கங்கை ஊதிவிடும். ஊது உலைத் துருத்தியின் கதைதான். அடுத்த பொதி அந்தக் கங்கின்மேல் விழும். கோல் பிடித்தவர் கை அங்கேயே இருக்கும். அக்காலத்தில் துளை காப்பவர் கையை எடுத்தால் துடைப்பவர் கோலாலேயே அவரை அடிக்கலாம் என்று விளையாட்டாகச் சேர்த்துச் சொன்னால் கூட்டம் சிரிக்கும். ஆனால் அது உண்மை வரலாறு என்று சொல்லிவிடாதீர்கள்.

"இடு!" இடுபவர் தோல்பையிலிருந்து பொதியை எடுத்து வாயில் வைக்கிறார். முகம் வாய்க்கு நேரே வரக் கூடாது. உடல் சக்கரத்தின் பக்கமாக ஒதுங்கியிருக்க, கை மட்டும் நீளும்.

"கெட்டி!" மரத்தலையால் ஒரே சீராகத் தள்ளுவது. இந்த இடத்தில் கைப்பிடியைக் கவனியுங்கள். உலக்கை பிடிப்பதுபோலக் கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. ஐந்து விரலும் ஒரே பக்கம் இருக்க, உள்ளங்கை மேல்நோக்கி. எதிர்பாராமல் வெடித்தால் கோல் கையை உரசிக்கொண்டு பறந்துவிடும், கட்டைவிரலைப் பிடுங்கிக்கொண்டு போகாது. மருந்தில்லாத நமக்கு இது எதற்கு என்று தோன்றும். பார்க்க வருபவர்களில் முன்னாள் ராணுவத்தார் இருப்பார்கள், அவர்கள் முதலில் பார்ப்பது இந்தக் கையைத்தான்.

கோலில் ஒரு சிவப்பு நாடா ஒட்டுங்கள். பொதி ஒன்று அடிவரை போய் அமர்ந்தால் நாடா சரியாக வாய் விளிம்பில் நிற்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் இரண்டில் ஒன்று: பொதி அடி தொடவில்லை, அல்லது பழைய பொதியை எடுக்காமல் புதியதைப் போட்டிருக்கிறீர்கள். உண்மைப் பீரங்கியில் இரண்டுமே குழலைப் பிளக்கக்கூடிய பிழைகள்.

"குத்து!" குத்தூசியால் பொட்டைத் தொடுவது, அதாவது பையில் துளையிட்டு மருந்தை வெளிக்காட்டுவதாகப் பொருள். உடனே ஒரு இறகுக் குழலைத் துளையில் நிறுத்துவதுபோலக் கை அசைவு.

"தயார்!" வாய்ப்புறத்து இருவரும் சக்கரத்துக்கு வெளியே ஓரடி எடுத்துவைத்து நிற்கிறார்கள். அனைவரும் சக்கரத்தைவிட்டு விலகியாயிற்றா என்று தலைவர் இருபுறமும் பார்க்கிறார். சுட்டதும் வண்டி பின்னால் பல அடி ஓடும் என்பதால் வால்நுனிக்கு நேரே யாரும் நிற்பதில்லை; அவரும் ஒதுங்குகிறார்.

"சுடு!" திரிக்கோல் பக்கவாட்டிலிருந்து வந்து பொட்டைத் தொடும். மேலிருந்து குனிந்து வைப்பதாக நடிக்காதீர்கள், தீத்துளைத் தீ நெட்டுக்குத்தாக எழும்.

முதல் சுற்றை விளக்குரையோடு இரண்டு நிமிடத்துக்கு இழுங்கள். இரண்டாவதை ஒரு வார்த்தை விளக்கமில்லாமல், கட்டளை மட்டும், 30 நொடியில். தேர்ந்த குழுவினர் நிமிடத்துக்கு இரண்டு முறை சுட்டார்கள் என்பதை அப்போது சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். மூன்றாவது சுற்று வேண்டாம், அலுத்துவிடும். ஆறு மாலைகளாவது ஒத்திகை பாருங்கள், முதல் இரண்டு மாலை பீரங்கியே இல்லாமல், பெஞ்சுமேல் கட்டிய குழாயோடு.

சத்தமும் புகையும்

பெரிய மேளம் ஒன்று போதும். பம்பை இதற்கு ஆகாது. மேளக்காரர் பீரங்கியின் அருகிலேயே, வால்பக்கம் நின்று ஒரே அடி அடிக்க வேண்டும். அவர் கட்டளையைக் காதால் கேட்டு அடித்தால் எப்போதும் முந்திவிடுவார். கண் திரிக்கோலின் நுனியில் இருக்கட்டும். ஒலிபெருக்கியில் பதிவு செய்த வெடிச்சத்தம் போடுவதைவிட இது நன்றாகவே இருக்கும், ஒலிபெருக்கி 60 மீட்டர் தள்ளி இருந்தால் சத்தம் வேறு எங்கிருந்தோ வருவதுபோல ஆகிவிடும்.

புகைக்கு மேடை அலங்காரக்காரர்களிடம் வாடகைக்குக் கிடைக்கும் புகை மெஷின். குழல் வாயின் அடியில், சக்கர மறைவில் வைத்து, சில நிமிடம் முன்பே சூடேற்ற வேண்டும். காலை 8 மணிக்கு முன், காற்று அசையாத பனிவேளையில் புகை அழகாகப் படுத்து நிற்கும். 11 மணிக்கு மேல் திடலில் வீசும் காற்றில் வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. மெஷின் கிடைக்காத ஊர்களில் அரிசி மாவையோ மைதாவையோ ஊதிவிடும் யோசனை வரும். வேண்டாம். காற்றில் பறக்கும் மாவு தீப்பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும், பக்கத்திலேயே பொங்கல் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

மாடுகள்

இங்கே களப் பீரங்கிகளைப் பெரும்பாலும் மாடுகளே இழுத்தன. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசிய ஒரு சோடி வண்டி மாடு இதை இழுத்துக்கொண்டு தெருவில் வந்தால் அதைவிட வரலாற்றுக்கு நெருக்கமான காட்சி இல்லை. வால்நுனி வளையத்தை ஒரு கட்டைவண்டியின் பின்னால் கட்டுங்கள். அப்போது குழல் வாய் பின்னோக்கி இருக்கும், அதுதான் சரி. வாய் முன்னோக்கி இருக்க வேண்டுமென்று யாராவது அடம்பிடிப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். வேகமான குதிரைப்படைப் பீரங்கிகளில் மட்டும் வாலுக்குப் பதில் ஏர்க்கால் இரண்டு நீட்டிக் குதிரையை நேராகவே பூட்டினார்கள். 1806 ஜூலை 10 அன்று வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி வேலூருக்கு விரட்டிக்கொண்டு வந்ததும், கோட்டைக் கதவைத் தகர்த்ததும் அந்த வகை.

திடல் வந்ததும் மாடுகளை அவிழ்த்து 100 மீட்டருக்கு அப்பால் கட்டியபிறகே மேளம். எருது விடும் விழா நடக்கும் ஊரில் அதே நாள் இதை வைக்காதீர்கள். விடப்போகும் காளை ஏற்கெனவே மிரண்டுதான் இருக்கும்.

அனுமதியும் அன்றைய நாளும்

காவல் நிலையத்துக்கு இரண்டு வாரம் முன்பே கடிதம்: மரமும் பி.வி.சி.யும் கொண்ட மாதிரி, பின்முனை அடைக்கப்பட்டது, தீத்துளை இல்லை, வெடிமருந்து, பட்டாசு எதுவும் பயன்படாது. படம் நான்கு பக்கமும் எடுத்து இணையுங்கள். லாரியில் பீரங்கி ஏற்றிக்கொண்டு போகும்போது கடிதத்தின் நகல் ஓட்டுநரிடம் இருக்க வேண்டும். ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி. வேலூர்க் கோட்டைக்குள் நடத்த ஆசை வரும். அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, அவர்கள் அனுமதியில்லாமல் ஆணிகூட அடிக்க முடியாது, காணும் பொங்கலன்று அங்கே நிற்கவும் இடமிருக்காது. பள்ளித் திடலே மேல்.

1806ஐ நாடகமாக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. புதிய தலைப்பாகையையும், நெற்றிக்குறி கூடாது, தாடியை மழி என்ற ஆணைகளையும் எதிர்த்து எழுந்த சிப்பாய்களை நோக்கித் திரும்பிய பீரங்கி அது. அதன் ஒவ்வொரு வெடிக்கும் கூட்டம் கைதட்டினால் நன்றாயிராது. பயிற்சியைக் காட்டுங்கள், கதையை வாயால் சொல்லுங்கள். உடையும் எளிமையாக இருக்கட்டும்: முழங்கால் வரை கால்சட்டை, வெள்ளைச் சட்டை, இடைக்கச்சை, தலையில் சாதாரண முண்டாசு.

கயிறு பக்கவாட்டில் 10 மீட்டர், முன்னால் 30 மீட்டர். மருந்துதான் இல்லையே என்று முன்பக்கம் யாரையும் நிற்கவிடாதீர்கள். கோல் கை நழுவிப் பறப்பது நடக்கும். காட்சி முடிந்ததும் படம் எடுக்க அரைமணி ஒதுக்கி, பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் குழல்மேல் குதிரையேறி ரீப்பரை ஒடித்துவிடுவார்கள். இரவு அங்கேயே நிறுத்துவதானால் பனிக்குத் தார்ப்பாய் போட்டு மூடி, வாயைச் சாக்கால் அடைத்து, கடையாணிகளை மட்டும் கழற்றி ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். துடைப்பை நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காய்ந்தால் தோல் சுருங்கி ஆணியிலிருந்து கிழிந்துகொள்ளும்.